பாத்ரூமுக்கு எக்ஸோஸ்ட் ஃபேனும் லைட்டும் பூட்டுவது: முழுமையான வழிகாட்டி

ஃபேனை வாங்கி வந்து பெட்டியைப் பிரித்து, அதில் தொங்குகிற வயரைக் கண்டவுடன் "இதை லைட் வயரோடு சேர்த்து முறுக்கிவிட்டால் சரி" என்று தொடங்குகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் வயரை இணைப்பது இந்த வேலையின் கடைசிக் கால்வாசி. காற்று எந்த வழியால் வெளியே போகும், எந்த வழியால் உள்ளே வரும், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) எங்கே கிடைக்கும், எர்த் (கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற வயர்) உண்மையிலேயே இருக்கிறதா என்ற நான்குக்கும் விடை தெரியாமல் இறங்கினால், ஃபேன் சுற்றும், கண்ணாடியில் ஆவி அப்படியே நிற்கும். இல்லாவிட்டால் சுவிட்சைப் போட்டவுடன் வீடு முழுக்க இருட்டாகும்.

இங்கே எழுதுவது யாழ்ப்பாணத்துச் சாதாரண வீட்டுக்கு: சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட், பாத்ரூமில் ஏற்கெனவே ஒரு லைட் இருக்கிறது, அதை நல்லதாக மாற்றி, பக்கத்தில் புதிதாக ஒரு ஃபேன் பூட்ட வேண்டும். போர்டுக்குள் புது எம்.சி.பி. (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சின்ன பிரேக்கர்) வைப்பது, எர்த் கம்பி அடிப்பது, மீற்றர் பக்கம் கை வைப்பது எதுவும் இதில் இல்லை. அவை தகைமையுள்ள எலெக்ட்ரீசியனின் வேலை. மீற்றர் சீலைத் தொடுவது சட்டப்படியும் பிழை.

1. முதலில் போர்டைப் பாருங்கள்

மூடியைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்து பார்த்தால் காணும். மெயின் சுவிட்சுக்கு அடுத்ததாக, டி என்ற எழுத்துள்ள சின்ன பட்டனோடு ஒன்று இருக்கும். நாங்கள் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்கிற ஆர்.சி.சி.பி. அதுதான், கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழுந்து லைனை வெட்டுவது. அதில் 30 மில்லி அம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது பழுது. அதை மாற்றும்வரை பாத்ரூம் வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? எங்கள் வீடுகளுக்கு எர்த் லைன் கம்பத்திலிருந்து வருவதில்லை, வளவுக்குள் அடித்த கம்பிதான் எர்த். குடாநாட்டில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக் கல் முட்டும், கோடையில் மேல்மண் காய்ந்து கிடக்கும், அதனால் அந்தக் கம்பியின் தடை கூடும். தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனின் உடம்பில் கரண்ட் பட்டால் 230ஐ 50ஆல் பிரிக்க 4.6 அம்பியர்தான் எர்த்துக்குப் போகும். 6 அம்பியர் எம்.சி.பி. அதைச் சட்டை செய்யாது, விழாமலே நிற்கும், ஃபேனின் உடம்பும் கரண்டோடேயே இருக்கும். அந்த நேரத்தில் ஈரக் கையைக் காப்பாற்றுவது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான்.

பட்டன் அழுத்தி விழுந்தால் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறது என்றுதான் பொருள். எர்த் கம்பி நன்றாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை. பழைய வீடு என்றால் எர்த்தை ஒருக்கா மீற்றர் வைத்து அளப்பித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இன்வெர்ட்டர். கரண்ட் வெட்டுக் காலத்தில் பூட்டிய இன்வெர்ட்டரோடு பாத்ரூம் லைட்டையும் சேர்த்த வீடுகள் நிறைய. அங்கே மெயினை நிறுத்தினாலும் லைட் வயரில் பட்டரியிலிருந்து 230 வோல்ட் வந்துகொண்டேயிருக்கும். எந்த லைன் எதிலிருந்து வருகிறது என்று முதலே எழுதி வையுங்கள்.

2. ஃபேன் எந்தச் சுவரில்

கதவுக்கு நேர் எதிர்ப்பக்கம், குளிக்கிற இடத்துக்குக் கிட்ட, கூரைக்குக் கீழே முடிந்தளவு உயரத்தில். சூடான ஈரக்காற்று மேலே நிற்கும். புதுக்காற்று கதவடியால் வந்து அறை முழுவதையும் கடந்து போக வேண்டும். ஃபேனைக் கதவுக்கு மேலேயே பூட்டினால் கதவடியால் வந்த காற்று நேரே மேலே ஏறிப் போய்விடும், குளிக்கிற மூலை அப்படியே ஈரமாகக் கிடக்கும்.

இதே காரணத்தால், ஃபேனுக்குப் பக்கத்தில் திறந்த வென்டிலேட்டர் இருக்கக் கூடாது. வென்டிலேட்டரின் பாதியில் ஃபேனைப் பூட்டி மற்றப் பாதியைத் திறந்து விடுவது எங்கேயும் காணக்கூடிய பிழை. வெளியே தள்ளிய காற்று அதே வழியால் திரும்பி வரும். மீதி இடத்தைப் பலகையோ அக்ரிலிக் தகடோ வைத்து அடையுங்கள். கதவின் கீழே ஒரு சென்றிமீற்றராவது இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் கதவுகள் சில தரையோடு ஒட்டி நிற்கும், அவற்றின் அடியைச் சீவத்தான் வேண்டும்.

காற்றுத் திசையையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடை மழையைச் சுவரோடு அடிக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் மறுபக்கத்திலிருந்து வீசும். வடகிழக்குச் சுவரில் ஓட்டை என்றால் மழைத் தண்ணீர் மோட்டருக்குள் வரும். தென்மேற்குத் திறந்த வெளி என்றால் சோளகம் ஷட்டரைப் பிடித்துத் தட்டும், நிறுத்தி வைத்த ஃபேனும் எதிர்த்திசையில் சுற்றும். இரண்டுக்கும் மறைவான சுவர் கிடைத்தால் அதுதான் இடம். கிடைக்காவிட்டால் வெளியே கீழ்நோக்கிய மூடி கட்டாயம்.

காற்று வெட்டவெளிக்குத்தான் போக வேண்டும். சீலிங்குக்கு மேலே விட்டு "கூரைக்குள் போகட்டும்" என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஈரம் போய்ச் சேர்வது சலாகையிலும் சீலிங் பலகையிலும். பனஞ்சலாகைகூட எத்தனை மாரிக்குத் தாங்கும்? பக்கத்து வீட்டுக் குசினி யன்னலுக்கு நேரேயும் வைக்க வேண்டாம், வேலிச் சண்டைக்கு வேறு காரணங்கள் போதும்.

அளவு: 8 அடிக்கு 5 அடி, 9 அடி உயரம் என்றால் 360 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 10 கனமீற்றர். மணிக்குப் பத்துத் தரம் காற்று மாற 100 கனமீற்றர் வேண்டும். 6 அங்குல ஃபேன் இதற்குத் தாராளம். 8 அங்குலம் வாங்குவதால் சத்தமும் ஓட்டையும்தான் பெருக்கும்.

3. லைட்டும் சுவிட்சும் எங்கே

சுவிட்ச் இரண்டும் பாத்ரூமுக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில். உள்ளே வேண்டாம், எவ்வளவு தள்ளியென்றாலும் வேண்டாம்.

எங்கள் பாத்ரூம்களில் தொட்டியோ கண்ணாடித் தடுப்போ இல்லை, வாளியில் அள்ளி வார்த்தால் தண்ணீர் எல்லாச் சுவரிலும் படும். தடுப்பில்லாத ஷவர் என்றால், தண்ணீர் வருகிற இடத்திலிருந்து 1.2 மீற்றருக்குள், தரையிலிருந்து 2.25 மீற்றர் உயரம் வரையுள்ள பகுதியை ஈரப் பகுதி என்று சர்வதேச விதிகள் கணக்கெடுக்கின்றன. அதற்குள் பூட்டுவது எதுவும் குறைந்தது ஐ.பி.எக்ஸ் 4 ஆக இருக்க வேண்டும், அதாவது எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தண்ணீர் உள்ளே போகாதது. சின்ன பாத்ரூமில் அந்த 1.2 மீற்றர் அறையில் பெரும்பங்கைப் பிடித்துவிடும். ஆகவே லைட்டை முழுக்க மூடிய கவரோடு, ஐ.பி.44 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். ஃபேனையும் அந்த உயரத்துக்கு மேலே கொண்டுபோங்கள். வெறும் ஹோல்டரில் பல்பைத் தொங்கவிடுவது பாத்ரூமுக்குச் சரிவராது.

இரண்டுக்கும் ஒரே சுவிட்ச் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். குளித்து முடித்த பிறகும் கால் மணித்தியாலம் ஃபேன் ஓடினால்தான் சுவர் காயும், ஒரே சுவிட்ச் என்றால் வெளியே வரும்போது அதுவும் நின்றுவிடும்.

4. கையில் இருக்க வேண்டியவை

- 1/1.13 வயர்: லைவுக்கு (கரண்ட் வருகிற வயர்) சிவப்பு அல்லது மண்ணிறம், நியூட்ரலுக்குக் கறுப்பு அல்லது நீலம்
- எர்த்துக்குப் பச்சை மஞ்சள் வயர்
- இரட்டைச் சுவிட்சும் அதற்கான பொக்ஸும்
- மூடியுள்ள ஜங்சன் பொக்ஸ், ஸ்குறூ கனெக்டர்
- கேசிங் அல்லது 20 மில்லிமீற்றர் பைப்
- மல்டிமீற்றர்
- துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்குறூ

வயரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர் செம்பு. ஃபேனும் லைட்டும் சேர்ந்து 50 வாட்ஸைத் தாண்டாது, ஆகவே இது தாராளம். ஸ்குறூவை எழுதியதற்குக் காரணம் உப்புக்காற்று. குருநகர், காரைநகர்ப் பக்கம் சாதாரண ஸ்குறூ சீக்கிரமே துருவேறி, பிறகு ஃபேனைக் கழுவக் கழற்றும்போது தலை உடைந்து வரும்.

5. ஓட்டை

வயருக்கு முன் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் ஓட்டை நினைத்த இடத்தில் வராமல் போகலாம். யன்னல், கதவுக்கு மேலே ஓடுகிற லிண்டல் கொன்கிறீட்டுக்குள் கம்பி இருக்கும், அதை வெட்டக் கூடாது. உள்ளே தண்ணீர்ப் பைப் ஓடுகிறதா என்றும் பாருங்கள். மேலே தாங்கியிலிருந்து வருகிற பைப் பெரும்பாலும் இதே சுவரால்தான் இறங்கும்.

ஃபேனோடு வருகிற காகித அச்சை ஒட்டி, வட்டத்தைச் சுற்றி நெருக்கமாகத் துளைத்து, பிறகு உளியால் தட்டியெடுங்கள். சுத்தியலால் நேரே அடித்தால் மறுபக்கப் பூச்சு பெரிதாகப் பெயர்ந்து விழும். ஓட்டை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சரியட்டும், அடிக்கிற மழை உள்ளே ஓடிவராது. வெளியே வலை போடுங்கள், அணிலும் மைனாவும் கூடு வைக்கும். மிக நெருக்கமான நுளம்பு வலை வேண்டாம், தூசு அடைத்துக் காற்றை மறிக்கும்.

சீலிங் அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைத் துளைக்கவே வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. சுவர் வழியாகவே போங்கள்.

6. கரண்டை நிறுத்தி, நின்றதை நிரூபியுங்கள்

லைட் எம்.சி.பி.யை மட்டும் நிறுத்தினால் காணாது, மெயினையே நிறுத்துங்கள். எம்.சி.பி. லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே தொடுத்திருக்கும். வேறு லைன் ஒன்று அந்த நியூட்ரலைக் கடன் வாங்கியிருந்தால், கழற்றுகிற கணத்தில் அடிக்கும். மெயின் இரண்டையும் வெட்டும். இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சில் நிறுத்துங்கள். போர்டில் ஒரு தாளை ஒட்டி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். தண்ணீர் மோட்டரைப் போட வந்தவர் "ஏன் மெயின் விழுந்து கிடக்கு" என்று தூக்கிவிடுவது நடக்கிற விஷயம்.

பிறகு மல்டிமீற்றரால் பாருங்கள். மெயினை நிறுத்த முன்னரே மீற்றரைக் கரண்ட் இருக்கிற ஓர் இடத்தில் வைத்து 230 காட்டுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நிறுத்திய பிறகு வேலை செய்யும் இடத்தில் லைவ் நியூட்ரல், லைவ் எர்த், நியூட்ரல் எர்த் மூன்றையும் அளந்து பாருங்கள். சோதனை முடிந்தபின் மீற்றரையும் திரும்ப ஒருக்கா சரிபாருங்கள், இடையில் அது பழுதாகியிருந்தால் கரண்ட் இருந்தும் பூச்சியம் காட்டலாம்.

ஸ்குறூ டிரைவர் டெஸ்டரை நம்பி வயரைப் பிடிக்க வேண்டாம். ரப்பர்ச் செருப்போடு காய்ந்த பலகையில் நின்றால் கரண்ட் இருந்தும் அது எரியாமல் விடலாம்.

ஏறி நிற்க ஏணி வேண்டும். பிளாஸ்டிக் கதிரை மாபிளில் வழுக்கும்.

7. சுவிட்ச் பொக்ஸுக்குள் நியூட்ரல் இருக்காது

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான், ஆறுதலாக வாசியுங்கள்.

சுவிட்ச் பொக்ஸைத் திறந்தால் இரண்டு வயர் இருக்கும். ஒன்று சிவப்பு, மற்றது சில வீடுகளில் கறுப்பு. கறுப்பைக் கண்டவுடன் நியூட்ரல் என்று நினைக்க வேண்டாம். சிவப்பு நிரந்தர லைவ். கறுப்பு, சுவிட்சிலிருந்து லைட்டுக்குப் போகிற லைவ். நியூட்ரல் இங்கே வராமல் நேரே லைட் பொயின்ற்றுக்குப் போயிருக்கும். அந்தக் காலத்தில் கையில் கிடைத்த நிறத்தில் இழுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஃபேனைத் தொடுத்தால் நடப்பது வேடிக்கையாக இருக்கும். லைட் சுவிட்ச் நிறுத்தியிருக்கும்போது கரண்ட் ஃபேன் வழியாக லைட்டுக்குப் போகும், எல்.ஈ.டி. மினுங்கும், ஃபேன் முனகும். லைட்டைப் போட்டால் ஃபேன் அடியோடு நின்றுவிடும். இப்படி நடந்தால் ஃபேனைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டை பிடிக்க வேண்டாம், ஃபேனில் பிழையில்லை.

நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த்தை நியூட்ரலாகப் பாவிப்பது இதைவிட மோசம். 30 வாட்ஸ் ஃபேன் எடுப்பது கிட்டத்தட்ட 130 மில்லி அம்பியர். அவ்வளவும் எர்த்துக்குப் போனால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். "ட்ரிப் சுவிட்ச்தான் பிழை" என்று அதைத் தாண்டிக் கரண்ட் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அதன் பிறகு எர்த் வயர் தொடுத்த ஃபிரிஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் நிற்கலாம்.

ஃபேனுக்கான நியூட்ரலை அதே லைட் பொயின்ற்றிலிருந்தோ, அந்த லைனின் ஜங்சன் பொக்ஸிலிருந்தோ எடுங்கள். வேறு லைனிலிருந்து எடுக்கக் கூடாது. முக்கியமாக, லைட் இன்வெர்ட்டரிலும் ஃபேன் மெயினிலும் என்று பிரித்து நியூட்ரலை மட்டும் பொதுவாக வைக்க வேண்டாம்.

ஷவர் ஹீற்றர் லைன் பக்கத்தில் இருக்கிறது, அதிலிருந்து எடுத்தால் என்ன என்றும் கேட்பார்கள். அந்த லைனின் எம்.சி.பி. பெரியது. உங்கள் 1/1.13 வயர் சூடாகி உருகினாலும் அது விழாமல் இருக்கலாம். லைட் லைனிலிருந்து மட்டும்தான்.

பழைய லைட் லைனில் எர்த் வயரே இல்லாமலும் இருக்கும். அப்படியென்றால் போர்டிலிருந்து ஒன்று இழுக்க வேண்டும், அதற்கு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

8. வயர் இழுப்பது

கூடிய தூரத்தைப் பாத்ரூமுக்கு வெளியே, ஹோல் சுவரில் கேசிங்குக்குள் கொண்டுபோய், ஃபேனுக்கும் லைட்டுக்கும் நேரே மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே நுழையுங்கள். ஈரத்தில் மூட்டு இருக்காது, மாபிளையும் உடைக்கத் தேவையில்லை. சுவரை வெட்டிப் பைப் வைப்பதென்றால் நேர் மேல்கீழாகவோ நேர் கிடையாகவோ வெட்டுங்கள். குறுக்காக வெட்டினால் பிறகு ஆணி அடிப்பவருக்கு வயர் இருக்குமிடம் தெரியாது.

ஃபேனுக்கு மூன்று வயர்: சுவிட்சிலிருந்து லைவ், லைட் பொயின்ற்றிலிருந்து நியூட்ரல், எர்த். சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் போட்ட ஃபேனுக்கு எர்த் தேவையில்லை. இருந்தாலும் எர்த்தை இழுத்து ஒரு கனெக்டரில் முடித்து வையுங்கள், நாளைக்கு உலோக உடம்புள்ள ஃபேன் மாற்றினால் திரும்பச் சுவரைக் கிளற வேண்டாம். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடும் டைமர் ஃபேன் என்றால் நிரந்தர லைவ் ஒன்றும் கூடுதலாக வேண்டும், இழுக்கும்போதே சேர்த்து இழுங்கள்.

ஃபேனுக்குள் நுழைய முன் வயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும். வயரோடு வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

9. இணைப்பு

ஒழுங்கு: முதலில் ஃபேன், பிறகு லைட், கடைசியில் சுவிட்ச். கரண்ட் வருகிற பக்கம் எப்போதும் கடைசி.

சுவிட்சில், வந்த லைவை முதல் சுவிட்சின் பொது முனையில் பூட்டி, அங்கிருந்து ஒரு சின்னத் துண்டு வயரால் இரண்டாவது சுவிட்சின் பொது முனைக்குத் தொடுங்கள். ஒன்றின் மறுமுனை லைட்டுக்கு, மற்றதன் மறுமுனை ஃபேனுக்கு. சுவிட்ச் எப்போதும் லைவில்தான். நியூட்ரலில் போட்டாலும் ஃபேன் நிற்கும், ஆனால் நிறுத்தியிருக்கும்போதும் உள்ளே கரண்ட் இருக்கும், கழுவக் கழற்றுகிறவர் அதைக் கையால் கண்டுபிடிப்பார்.

வயரை முறுக்கி டேப் சுற்றுவது பாத்ரூமுக்கு ஆகவே ஆகாது. ஈரத்தில் டேப்பின் பசை விட்டுவிடும். கனெக்டர் பூட்டி, மூடியுள்ள பொக்ஸுக்குள் வையுங்கள். எட்டு மில்லிமீற்றர் அளவுக்குத்தான் தோலை உரியுங்கள், ஸ்குறூ தோலைக் கடிக்காமல் செம்பைக் கடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பூட்டியபின் இழுத்துப் பாருங்கள். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், எது இழுபட்டாலும் அது கடைசியாகத்தான் கழலும்.

10. கரண்ட் கொடுக்கும் நேரம்

மெயின் நின்றபடியே, பல்பைக் கழற்றி, இரண்டு சுவிட்சையும் நிறுத்தி, மீற்றரால் லைவுக்கும் எர்த்துக்கும் இடையில் தொடர்ச்சி இல்லை என்று பாருங்கள். பிறகு சுவிட்சுகளைப் போட்டு இன்னொருக்கா. ஃபேனின் உலோக உடம்புக்கும் எர்த் வயருக்கும் இடையில் தொடர்ச்சி இருக்க வேண்டும். எலெக்ட்ரீசியன் வந்தால் 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷன் தடையை அளக்கிற கருவி) வயரின் இன்சுலேஷனையும் பார்க்கச் சொல்லுங்கள், மல்டிமீற்றரால் அது முடியாது. குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும்.

இப்போது சுவிட்சுகளை நிறுத்தி, பொக்ஸ்களை மூடி, மெயினைப் போடுங்கள். விழவில்லையென்றால் லைட் மட்டும். பிறகு ஃபேன் மட்டும். பிறகு இரண்டும். ஒவ்வொன்றாகப் போட்டால்தான் விழுந்தது எதனால் என்று தெரியும். கடைசியாக ட்ரிப் சுவிட்சின் பட்டனை இன்னொருக்கா அழுத்துங்கள்.

ஃபேன் உண்மையில் இழுக்கிறதா என்று பார்க்க, கதவைச் சாத்தி ஒரு டிஷ்யூத் தாளை அதன் வாயில் பிடியுங்கள், ஒட்டி நிற்க வேண்டும். கதவடியில் பிடித்தால் உள்ளே சாய வேண்டும். கதவைத் திறந்ததும் ஃபேனின் சத்தம் மாறினால் கதவடி இடைவெளி காணாது.

11. பிழைத்தால் எங்கே பார்ப்பது

மெயினைப் போட்டவுடனே விழுகிறது: நியூட்ரலோ லைவோ எங்கேயோ எர்த்தில் தொடுகிறது. பெரும்பாலும் ஜங்சன் பொக்ஸ் மூடியின் ஸ்குறூ ஒரு வயரைக் கடித்திருக்கும்.

ஃபேன் சுவிட்சைப் போடும்போது மட்டும் விழுகிறது: எர்த்தை நியூட்ரலாகப் பூட்டியிருக்கிறீர்கள், அல்லது நியூட்ரலை இந்த ட்ரிப் சுவிட்சில் அடங்காத லைனிலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

மழை நாளில் மட்டும் விழுகிறது: தண்ணீர் உள்ளே போகிறது. வெளி மூடியையும் ஓட்டையின் சரிவையும் பாருங்கள், வயரைக் கிளற வேண்டாம்.

நிறுத்திய பிறகும் எல்.ஈ.டி. மங்கலாக எரிகிறது: சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது, அல்லது இருட்டில் தெரியச் சின்ன விளக்கு வைத்த சுவிட்ச். முதலாவதென்றால் உடனே மாற்றுங்கள், இரண்டாவதால் ஆபத்தில்லை.

ஃபேன் முனகுகிறது, சுற்றவில்லை: உடனே நிறுத்துங்கள், மோட்டர் எரியும். மெயினையும் நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். முட்டினால் ஃபேனின் கூடு ஓட்டைக்குள் நெரிபட்டிருக்கிறது, ஸ்குறூக்களைக் கொஞ்சம் தளர்த்தி நேராக்கினால் சரி. முட்டவில்லையென்றால் ஏழாவது பகுதிக்குத் திரும்பிப் போய் நியூட்ரலை வடிவாகப் பாருங்கள்.